பூவாடைக்காரிக்குப் போதாத பாவாடை

ஒரு ஊர்ல ஒரு பாவாடை இருந்துச்சாம். ஏன் சிரிக்கற? ஊர்னா ராசா மட்டுந்தான் இருக்கணுமா, பாவாடை இருக்கக் கூடாதா? தலகாணிய சரியா போடு. கால நீட்டு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், அப்புறம் கேக்கக் கூடாது.

ம். அந்தப் பாவாடை பச்சை நெறம், செவப்புக் கரை. ஒம்போது வயசுப் பொண்ணு கட்டற அளவு. ஆனா உசுரோட இருக்கற பொண்ணுக்கு வாங்கினது இல்ல. துரைக்கண்ணு தாத்தான்னு ஒருத்தரு இருந்தாரு, அவருக்கு ஒரு தங்கச்சி, கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே ஜொரத்துல போய்ச் சேந்துட்டா. அப்படிப் போன பொண்ண அந்தப் பக்கத்துல பூவாடைக்காரின்னு வீட்டு சாமியா வெச்சுக் கும்புடுவாங்க. மூங்கில் பெட்டில புதுத் துணி வெச்சு, பூ வெச்சு, படையல் போடுவாங்க. அடுத்த வருஷம் வேற துணி வெச்சுட்டு, பழச வீட்டுல இருக்கற சின்னப் பொண்ணுக்குக் கட்டி விடுவாங்க. "என் தங்கச்சி சாவும்போது ஒம்போது வயசு"ன்னு தாத்தா சொல்லியிருந்தாரு. அதனால நாப்பத்திரண்டு வருஷமா ஒம்போது வயசுப் பாவாடைதான்.

அந்த வீட்டுல அப்போ இருந்த சின்னப் பொண்ணு, தாத்தாவோட பேத்தி, பேரு பச்சையம்மா, பச்சைன்னு கூப்புடுவாங்க. ஏழு வயசு. வாயாடின்னா வாயாடி, அவ வாய மூடணும்னா வாயில சோறு இருக்கணும், அப்பவும் பாதி பேசுவா. பூவாடைக்காரி கட்டின பாவாடையெல்லாம் இவதான் கட்டினா. கீழ மடிச்சுத் தைச்சுக் குடுப்பாங்க. அதனாலயோ என்னமோ, பச்சைக்கு ஒண்ணு தெரியும், அந்த வீட்டுல வேற யாருக்கும் தெரியாது. மூங்கில் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு அக்கா ஒக்காந்திருப்பா. பேசமாட்டா. சும்மா சிரிப்பா. பச்சை சூடா கஞ்சி குடிச்சா பக்கத்துல வந்து ஊதி விடுவா. எல்லாருக்கும் அந்த அக்கா தெரியுதுன்னுதான் பச்சை நெனச்சுக்கிட்டு இருந்தா. கண்ணு முன்னாடி இருக்கறவங்கள யாராவது தெரியுதான்னு கேப்பாங்களா? அதனால அவ கேட்டதே இல்ல.

அப்போ அந்த வீட்டுல ஒரு கல்யாணம் வந்துச்சு. பச்சையோட அத்தை மலர்க்கொடிக்கு, தாத்தாவோட ஒரே பொண்ணு. வயசு முப்பது ஆயிடுச்சு. பதினோரு பேரு பாத்துட்டு பஜ்ஜி சாப்புட்டுட்டு போய்ச் சேந்தானுங்க. பன்னெண்டாவதா வந்தவரு பஸ் டிப்போல மெக்கானிக்கு. அவரு பஜ்ஜிய தொடவே இல்ல, அத்தைய பாத்துட்டு, "உங்களுக்கு என்னைப் புடிச்சிருக்கான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க"ன்னாரு. அத்தை உள்ள போய் அழுதா. சந்தோஷத்துலதான். பச்சைக்கு அத்தைன்னா உசுரு. அத்தை சிரிச்சா இவளும் சிரிப்பா.

ம் சொல்லு. ம்... அப்படித்தான்.

அப்புறம், அந்தக் குடும்பத்துல ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்னா, பந்தக்கால் நடறதுக்கு முன்னாடி பூவாடைக்காரிய ஏரிக்கரைல இருந்து அழைச்சுட்டு வரணும். பம்பைக்காரரு பம்பை அடிச்சு, பாட்டு பாடி கூப்புடுவாரு. ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல அருவாள நிக்க வெச்சு, அதோட விளிம்பு மேல ஏரித் தண்ணி ரொப்பின சொம்ப வெப்பாங்க. அவ வந்துட்டா சொம்பு நிக்கும். வரலன்னா விழும். மூணு தடவ விழுந்துச்சுன்னா அவளுக்கு அந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னு அர்த்தம். அவ்ளோதான், கல்யாணம் நின்னுடும். மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் அதே பழக்கம் உள்ளவங்க, ஒத்துக்க மாட்டாங்க.

அதுக்குத் துணி எடுத்துட்டு வந்தாங்க. அதுதான் நான் சொன்னேனே, பச்சைப் பாவாடை. நம்ம பச்சைப் பொண்ணு அத தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு சொன்னா, "இது அந்த அக்காவுக்கு முட்டி வரைக்கும் கூட வராதே."

எந்த அக்கான்னு அவ அம்மா கேட்டா. பெட்டிகிட்ட ஒக்காந்திருக்கற அக்காதான்னு இவ சொன்னா. அம்மா அந்தப் பாவாடைய அவ கையில இருந்து வெடுக்குன்னு புடுங்கிக்கிட்டா. அவ அப்பன் ஏழுமலை, "சாமி கூட வெளாடாத"ன்னு அதட்டினாரு. தாத்தா மட்டும் எதுவும் கேக்கல. வேர்த்துக் கொட்டுச்சு அவருக்கு. "வாய மூடு, புள்ள"ன்னு ஒரு கத்து கத்திட்டு வெளியில போயிட்டாரு. அன்னிக்குத்தான் பச்சைக்குத் தெரிஞ்சுச்சு, அந்த அக்கா தன்னோட கண்ணுக்கு மட்டுந்தான் தெரியறான்னு. சின்னப் பொண்ணு பாவம், சாயந்திரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பக்கத்து வீட்டுல வந்து ஒடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனாங்க.

அப்புறம் மொத நாளு. காலங்காத்தால ஏரிக்கரைக்குப் போனாங்க. உள்ளூர் பம்பைக்காரரு வந்தாரு. யாரக் கூப்புடணும், பேரு என்னான்னு கேட்டாரு. தாத்தா, "கொழந்தப்பா, ஒம்போது வயசு, கன்னின்னு கூப்புட்டா போதும்"னாரு. அவரும் டுடும் டுடும்னு அடிச்சு, "சின்னக் கொழந்தையே வா, சீனி முட்டாயி தர்றேன் வா, பொம்ம வாங்கித் தர்றேன் வா"ன்னு பாடினாரு. பச்சை திரும்பிப் பாத்தா, அந்த அக்கா கரை மேல ஒக்காந்துகிட்டு வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கறா. இந்த வயசுல அவளுக்கு எதுக்கு முட்டாயி?

சொம்ப வெச்சாங்க. ணங்க்!

விழுந்துடுச்சு. தண்ணியெல்லாம் கொட்டிப் போச்சு.

ரெண்டாவது நாளு பக்கத்து ஊரு பம்பைக்காரரு வந்தாரு. அவரு பெரிய மீசைக்காரரு. அவரும் பேரு கேட்டாரு, தாத்தா அதே பதில்தான் சொன்னாரு. இவரு முட்டாயெல்லாம் குடுக்கல, மெரட்டினாரு. "வர்றியா இல்லியா, வந்து நிக்கறியா இல்லியா"ன்னு கிடுகிடுகிடுன்னு அடிச்சாரு. ஏரில இருந்த கொக்கெல்லாம் பறந்து போச்சு. அந்த அக்கா ஒரு கொட்டாவி விட்டா.

ணங்க்!

ரெண்டாவது தடவையும் விழுந்துடுச்சு. ம்? தூங்கிட்டியா? ம்னு சொல்லேன்... ம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேரா உள்ள போயிட்டா. நிச்சயத்துக்குக் கட்டின பட்டுப் பொடவைய மடிச்சு மடிச்சு வெச்சா, திரும்பப் பிரிச்சா, திரும்ப மடிச்சா. மாப்பிள்ள வீட்டுல இருந்து ஆளு வந்து, "இன்னும் ஒரு தடவதான் இருக்கு, பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பச்சைக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நேரா பெட்டிகிட்ட போனா. "ஏன் இப்படிப் பண்ற? எங்க அத்தை பாவம் இல்லையா? உனக்கு யாரு வந்து கூப்புடணும்?"னு கேட்டா.

அந்த அக்கா சிரிக்கல இப்போ. எழுந்து நின்னா. நல்ல ஒசரம். மேற்குப் பக்கமா கைய நீட்டினா. அப்புறம் இடது கையால தொடையில தட்டினா, டும் டுடும், டும் டுடும். வலது கை சும்மா இருந்துச்சு. இடது கைதான் தட்டுச்சு.

பச்சை ஓடிப் போய் அப்பன்கிட்ட சொன்னா. மேற்கால ஒரு பம்பைக்காரரு இருக்காரு, இடது கையால அடிப்பாரு, அவரு வந்தாத்தான் அக்கா வருவான்னு. ஏழுமலைக்குக் கோவம் வந்துச்சு, கை ஓங்கினாரு. அப்போ மலர்க்கொடி அத்தை குறுக்க வந்து நின்னா.

"அண்ணா, கல்யாணம் எனக்கு. கொழந்தை சொல்றத ஒரு தடவ கேட்டுத்தான் பாரேன். இதுக்கு மேல போறதுக்கு என்னா இருக்கு."

தங்கச்சி கேட்டா தட்ட முடியுமா? அன்னிக்கு மத்தியானமே பஸ் ஏறிட்டாரு. மேற்கால ஒவ்வொரு ஊரா எறங்கி, "இடது கையால பம்பை அடிக்கறவரு இருக்காராங்க"ன்னு கேட்டாரு. சிரிச்சாங்க. நாலாவது ஊர்ல ஒரு டீக்கடைக்காரரு சிரிக்கல. "முனிரத்தினத்தத் தேடறீங்களா? வயசாயிடுச்சு, கண்ணுல பொரை. இப்பெல்லாம் வெளியூர் போறதில்ல. கேட்டுப் பாருங்க"ன்னாரு. போய்க் கேட்டாரு. பெரியவரு மொதல்ல முடியாதுன்னாரு. ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுடும்னு சொன்னதும் எழுந்து பம்பைய தோள்ல மாட்டிக்கிட்டாரு. பொண்ணு விஷயம்னா அவரு மனசு தாங்காது.

தாத்தாவுக்கு இது எதுவும் தெரியாது. அவரு அன்னிக்கு ஏரிக்கரையில இருந்தே சொந்தக்காரங்களுக்கு பத்திரிகை வெக்கப் போயிட்டாரு. மறுநாள் காலையில நேரா ஏரிக்கரைக்கு வந்துடறேன்னு சொல்லியிருந்தாரு.

அப்புறம் மூணாவது நாளு. எல்லாரும் கூடிட்டாங்க. மாப்பிள்ள வீட்டுல இருந்து ஆறு பேரு வந்து நின்னாங்க. மாப்பிள்ளையும் வந்திருந்தாரு. அத்தையால அவரு மொகத்தப் பாக்க முடியல. முனிரத்தினம் தாத்தா பம்பைய இடுப்புல கட்டிக்கிட்டு, இடது கையால ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. டும் டுடும். பச்சைக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துச்சு. அதே தாளம்.

அக்கா கரையில இருந்து எறங்கி வந்தா. அவரு முன்னாடி வந்து நின்னா. கண்ணுல இருந்து தண்ணி வழியுது, தொடைச்சுக்கவே இல்ல.

முனிரத்தினம் கேட்டாரு, "பேரு சொல்லுங்க. பேரு இல்லாம நான் யாரையும் கூப்புட்டதில்ல. வீட்டு வாசல்ல வந்து நின்னு, யோவ் யாராவது வாங்கன்னு கூப்புட்டா நீங்க வருவீங்களா?"

பேரு யாருக்கும் தெரியல. தாத்தா வர்ற வரைக்கும் இருக்கலாம்னு ஏழுமலை சொல்லிப் பாத்தாரு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க நேரமாவுதுன்னாங்க. சரி, ஒம்போது வயசுக் கன்னின்னு கூப்புடுங்கன்னாரு. பச்சைக்குப் பொறுக்கல.

"ஒம்போது இல்ல. அவ எங்க அத்தை ஒசரம் இருக்கா. பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்குது. மோவாயில ஒரு மச்சம். தாவணி போட்டிருக்கா. இவருக்கு முன்னாடிதான் நிக்கறா, அழுவறா."

ஏழுமலைக்கு மானம் போச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி இந்தப் பொண்ணு இப்படிப் பேசுதேன்னு ஓங்கி அடிக்கக் கைய எடுத்தாரு. அந்தக் கைய பின்னாடியிருந்து ஒருத்தரு புடிச்சாரு. துரைக்கண்ணு தாத்தா. தூரத்துல பம்பைச் சத்தம் கேட்டதுமே அவருக்குத் தெரிஞ்சு போச்சு யாரு வந்திருக்கான்னு. கரை மேல தடதடன்னு ஓடி வந்திருக்காரு, மூச்சு வாங்குது.

"அடிக்காதடா. அது பொய் சொல்லல. பொய் சொன்னது நானு."

ம் கொட்ட மறந்துட்ட பாரு. பரவால்ல, இங்க மட்டும் மறக்கலாம்.

அப்புறம் தாத்தா அங்கயே மண்ணுல ஒக்காந்துட்டாரு. ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு. அவரு தங்கச்சி பேரு அலமேலு. வயசு பத்தொம்போது. அவங்க முன்னாடி இருந்த ஊர்ல, கோயில் திருவிழாவுக்கு வந்து இடது கையால பம்பை அடிச்ச பையன் மேல அலமேலுக்கு ஆசை. அவனுக்கும் இவ மேல ஆசை. பம்பை அடிக்கறவனுக்கு என் தங்கச்சியக் குடுக்கறதான்னு அண்ணன் குதிச்சாரு. கதவச் சாத்தி வெச்சாரு. அப்போ பொண்ணுக்கு ஜொரம் வந்துச்சு, வெஷ ஜொரம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள கை மீறிப் போச்சு. போற நேரத்துல அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் அவர மறந்துட்டுப் போவலன்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடுன்னு. சொல்றேன்னு அண்ணன் சத்தியம் பண்ணினாரு.

பண்ணிட்டு, என்ன செஞ்சாரு தெரியுமா? பத்து நாள் கழிச்சு அந்தப் பையன் தேடிக்கிட்டு வந்தான். வீட்டு வாசல்ல நின்னு தயங்கித் தயங்கிக் கேட்டான். அலமேலுக்குக் கல்யாணம் ஆயி வடக்கப் போயிட்டா, உன்னப் பத்திக் கேட்டேன், யாருன்னே தெரியாதுன்னுட்டான்னு சொல்லி அனுப்பிட்டாரு. கௌரவமாம், வெங்காயக் கௌரவம். அப்புறம் அந்த ஊர்ல இருக்க முடியாம இந்த ஊருக்குக் குடி வந்துட்டாரு. பத்தொம்போது வயசுப் பொண்ணு ஏன் செத்தா, ஏன் கல்யாணம் ஆவலன்னு நாலு பேரு கேப்பாங்களேன்னு, ஒம்போது வயசுக் கொழந்தைன்னு சொல்லிட்டாரு. கட்டின பொண்டாட்டிகிட்டயும் அதேதான் சொன்னாரு. பேரக் கூட வாயில எடுக்கல. எடுத்தா அழுதுடுவோம்னு பயம். அவரும் மனுஷன்தானே.

முனிரத்தினம் பம்பை மேல கைய வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. கெளம்பிப் போயிடுவாரோன்னு ஏழுமலைக்கு பயம். அவரு போனா கல்யாணம் போச்சு. போனாலும் யாரும் ஒரு வார்த்த சொல்ல முடியாது. அத்தை பச்சையோட தோளப் புடிச்சுக்கிட்டு நின்னா.

அப்புறம் அவரு வாயத் தொறந்தாரு. யாருகிட்ட? பச்சைகிட்ட.

"பாப்பா, அவ இப்போ எங்க நிக்கறா?"

"உங்க எதிர்லதான். உங்க கையவே பாத்துக்கிட்டு இருக்கா."

"கோவமா இருக்காளா?"

பச்சை நல்லா உத்துப் பாத்தா. "இல்ல, தாத்தா. எங்க அத்தை அந்த மாமாவப் பாக்கற மாதிரி பாக்கறா."

மாப்பிள்ள குனிஞ்சு செருப்பப் பாத்தாரு. அத்தைக்கு அந்த நேரத்துலயும் வெக்கம். முனிரத்தினம் தாத்தா சிரிச்சாரா அழுதாரான்னு யாருக்கும் தெரியல, ரெண்டும்தான்னு வெச்சுக்க. அப்புறம் சொன்னாரு, "எனக்கும் கல்யாணம் ஆச்சு, பாப்பா. நல்ல பொம்பள, போன வருஷந்தான் போனா. மூணு புள்ளைங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். ஆனா என்னை யாருன்னே தெரியாதுன்னு ஒருத்தி சொல்ற அளவுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்னு, ஒத்தையில இருக்கும்போதெல்லாம் தோணும். அவ சொல்லலயா. சொல்லவே இல்லயா."

சொல்லிட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டு, பம்பைய ஏத்திக் கட்டினாரு. "பொண்ணுக்குப் பாவாடை எதுக்கு? பொடவை இருந்தா எடுத்துட்டு வாங்க"ன்னாரு. அத்தை யாரையும் கேக்கல. வீட்டுக்கு ஓடிப் போய், மடிச்சு மடிச்சு வெச்சிருந்தாளே அந்த நிச்சயதார்த்தப் பட்டு, அதையே எடுத்துட்டு வந்து தட்டுல வெச்சா.

டும் டுடும். டும் டுடும். பாட்டெல்லாம் பாடல அவரு. நாலு தட்டு தட்டிட்டு, பக்கத்துல இருக்கறவள கூப்புடற மாதிரி மெதுவாக் கூப்புட்டாரு.

"அலமேலு. வாம்மா."

சொம்ப வெச்சாங்க. அருவா விளிம்புல சொம்பு இந்தப் பக்கம் ஆடுச்சு. அந்தப் பக்கம் ஆடுச்சு. தண்ணி தளக்கு புளக்குன்னுச்சு. எல்லாரும் கண்ண மூடிட்டாங்க, ணங்க்குன்னு கேக்கப் போவுதுன்னு.

கேக்கல.

கண்ணத் தொறந்து பாத்தா நிக்குது சொம்பு. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அத்தை அப்படியே பச்சைய வாரி அணைச்சுக்கிட்டா. மாப்பிள்ள வீட்டுப் பெரியவரு மொத ஆளா கைதட்டினாரு, அப்புறம் சாமிக்குக் கைதட்டலாமான்னு சந்தேகம் வந்து கும்புட்டாரு. ஏழுமலை பொண்ணு தலையத் தடவிக் குடுத்தாரு. அடிக்க ஓங்கின கையாலதான் தடவினாரு.

பச்சை மட்டும் பாத்தா, அக்கா அந்தப் பட்டக் கட்டிக்கிட்டு நின்னத. காலு வரைக்கும் வந்துச்சு, கொஞ்சம் மண்ணுல கூடப் பெரண்டுச்சு. முனிரத்தினம் தாத்தா முன்னாடி கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் பச்சையப் பாத்து சிரிச்சா. அப்புறம் சொம்புத் தண்ணிக்குள்ள போயிட்டா. அதுக்கப்புறம் பெட்டிகிட்ட அவ ஒக்காரவே இல்ல. பச்சைக்கு ரெண்டு நாள் வருத்தமா இருந்துச்சு, கஞ்சிய தானே ஊதிக் குடிக்க வேண்டியிருந்துச்சு. மூணாவது நாள் பழகிடுச்சு.

துரைக்கண்ணு தாத்தா முனிரத்தினத்தோட கால்ல விழப் போனாரு. அவரு விடல. "மன்னிக்கறதுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும், துரை. ஆனா சொல்லிட்ட. அது போதும், கல்யாணத்துக்கு வர்றேன்"னாரு. சொன்ன மாதிரி வந்தாரு. பம்பை எடுத்துட்டு வரல, வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வீட்டு மனுஷனா வந்தாரு. மொதப் பந்தியில அவர ஒக்கார வெச்சு, துரைக்கண்ணு தாத்தாவே எலை போட்டு, சோறு போட்டு, சாம்பாரு ஊத்தினாரு. பாதிய முனிரத்தினத்தோட வேட்டி மேல ஊத்திட்டாரு. முனிரத்தினம் வேட்டியத் தொடைச்சுட்டு, அப்பளம் இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கிட்டாரு.

அப்போ முகூர்த்தம் வந்துச்சு. கெட்டிமேளம் கெட்டிமேளம்னு ஐயரு கத்தறாரு, மேளம் காதப் பொளக்குது, மாப்பிள்ள அத்தை கழுத்துல தாலி கட்டறாரு. பொண்ணோட அப்பாவ எங்கன்னு எல்லாரும் தேடறாங்க. பச்சைதான் கண்டுபுடிச்சா. பந்தல் ஓரத்துல நாற்காலில துரைக்கண்ணு தாத்தா, வாயத் தொறந்துக்கிட்டு, கொர்ர்ர் கொர்ர்ர்னு தூங்கறாரு. எழுப்பப் போனாங்க. ஏழுமலை வேணாம்னு தடுத்துட்டாரு. நாப்பத்திரண்டு வருஷமா அவரு ஒரு நாளும் நிம்மதியா தூங்கினதில்லன்னு அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு. அதனால யாரும் எழுப்பல. அட்சதை போட்டவங்க அவரு மேலயும் ரெண்டு அரிசி போட்டுட்டுப் போனாங்க.

ம்...? ம் வரலயே. சரி. கதையும் கரை சேந்துச்சு, கண்ணும் சொக்கிடுச்சு. தூங்கு ராசா, தூங்கு.